ஸ்ப்ரெட்ஷீட்ல சமபலம், சண்டையில ஏன் இல்ல? டியன் பியன் ஃபூவை வார்கேமா மாத்தின கதை

நான் ஒரு வார்கேம் சினாரியோ எழுதிட்டு இருக்கேன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆராய்ச்சின்னா என்ன பண்ணுவீங்க? ரெண்டு கட்டுரை படிச்சா போதாதா?" நானும் போதும்னுதான் நினைச்சேன். எங்கெல்லாம் தப்பு பண்ணேன்னு இன்னிக்கு வரிசையா சொல்றேன்.

முதல்ல சண்டை. 1953 நவம்பர் 20 அன்று, வியட்நாமின் வடமேற்கு மூலையில இருக்கிற டியன் பியன் ஃபூ பள்ளத்தாக்குல பிரெஞ்சு பாராசூட் வீரர்கள் இறங்குறாங்க. அங்க ஒரு பழைய விமானத் தளம் இருக்கு. அதைச் சுத்தி பியாட்ரிஸ், கேப்ரியல், எலியான், இசபெல்னு பெண் பெயர் வச்சு காவல் முகாம்கள் கட்டுறாங்க. 1954 மார்ச் 13 சாயங்காலம் ஜெனரல் கியாப்போட வியட் மின் படை தாக்குது. மே 7-ல முகாம் விழுந்திடுது. இந்தோசீனாவுல பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்ததே இதோட தொடர்ச்சிதான்.

என் முதல் வெர்ஷன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். 105 மில்லிமீட்டர் பீரங்கி: அந்தப் பக்கம் 24, இந்தப் பக்கமும் 24. பிரெஞ்சுக்குக் கூடுதலா 155 மில்லிமீட்டர் நாலு, டாங்க் பத்து, விமானப்படை வேற. மூணு தடவை விளையாடிப் பார்த்தோம், மூணு தடவையும் பிரெஞ்சு ஜெயிச்சாச்சு. என் நண்பன் காயின்களை எடுத்து வச்சுக்கிட்டே கேட்டான்: "மச்சி, இவங்க நிஜத்துல எப்படிடா தோத்தாங்க?" பதில் என்கிட்ட இல்ல.

நிலம்

பள்ளத்தாக்கு சுமார் 18 கிலோமீட்டர் நீளம், சுத்தியும் காட்டு மலை. 2000-ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் மூலமா எடுத்த உயரத் தரவு இலவசமாவே கிடைக்குது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதை வச்சு எந்த இடத்துல இருந்து எந்த இடம் தெரியும்னு கணக்குப் போடுற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ரெண்டு சிக்கல். ஒண்ணு, காட்டுல ரேடார் தரையை மட்டும் அளக்காது, மரத்தோட உயரமும் கொஞ்சம் கலந்துடும். இன்னொண்ணு நான் செஞ்ச தப்பு: 'அ-வுக்கு ஆ தெரிஞ்சா, ஆ-வுக்கும் அ தெரியும்'னு கோட்ல ஒரு வரி.

வடிவியல்படி அது சரிதான். போர்க்களத்துல சரியில்ல. பிரெஞ்சுக்காரங்க முகாம் கட்டவும் விறகுக்கும் பள்ளத்தாக்குல இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. அவங்க இருந்த இடம் மொட்டையா, மேல இருந்து பார்த்தா அப்பட்டமா தெரிஞ்சது. வியட் மின் பீரங்கியோ மலைச்சரிவைக் குடைஞ்ச குழிக்குள்ள, மரத்துக்கு அடியில. அவங்க பார்த்தாங்க, இவங்களால பார்க்க முடியல. அந்த ஒரு வரியை மாத்தினதும் கேமே மாறிடுச்சு.

அரண்

பெர்னார்ட் ஃபால் இந்தச் சண்டையைப் பத்தி 1966-ல எழுதின புத்தகத்துல ஒரு கணக்கு வருது. முகாமை ஒழுங்கா பலப்படுத்த சுமார் 36,000 டன் பொருள் வேணும். உள்ளூர் மரம் 2,200 டன்தான் தேறும். மீதியை டகோட்டா விமானத்துல, தடவைக்கு இரண்டரை டன்னா கொண்டுவரணும். நாளைக்கு 80 நடைன்னு வச்சாலே அஞ்சு மாசத்துக்கு மேல ஆகும். கடைசியில வந்து சேர்ந்தது சுமார் 4,000 டன். அதுலயும் பெரும்பகுதி முள்கம்பி. அதனால 'பதுங்குகுழி = கவசம் 4'ன்னு நான் போட்டிருந்த எண் வெறும் கற்பனை. பல இடங்கள்ல பீரங்கிக் குண்டைத் தாங்குற கூரையே இல்ல. பிரெஞ்சு பீரங்கிகள் திறந்த குழியில நின்னுச்சு. 24-ம் 24-ம் சமம் இல்லாம போனது இங்கதான்.

வானிலை

1940-ல இருந்து மணிக்கு மணி வானிலை தர்ற மறுபகுப்பாய்வுத் தரவு இருக்கு. ஆனா அதோட ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். முழுப் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும். மலை மேல மூடுபனி, கீழ வெயில்ங்கிற வித்தியாசமெல்லாம் அதுல தெரியாது. அதனால தினசரி மழை எண்ணை விட்டுட்டு, நடந்தவங்க பதிவு செஞ்ச விளைவுகளை எடுத்தேன்: மார்ச் கடைசியோட ஓடுதளம் பயன்படாம போச்சு, அதுக்கப்புறம் எல்லாமே பாராசூட்தான். ஏப்ரல் கடைசியில மழை வலுத்து, பதுங்கு அகழியெல்லாம் சேறு. கேம்ல 'மழை'ன்னா நடை வேகம் குறையறது மட்டுமில்ல, வர்ற சாப்பாடும் குண்டும் குறையறதுதான்.

தெரிஞ்சதும் நம்பினதும்

இதெல்லாம் சேர்த்ததும் பிரெஞ்சு தொடர்ந்து தோத்துச்சு. அதே நண்பன் இப்போ மாத்திப் பேசினான்: "எந்த முட்டாள்டா பள்ளத்துல போய் உக்காருவான்?"

இந்தக் கேள்விதான் என்னை அதிகமா உறுத்துச்சு. ஏன்னா அவங்க முட்டாள் இல்ல. 1952 கடைசியில நா சான்ங்கிற இடத்துல இதே மாதிரி விமானத்தை நம்பின முகாம், கியாப்போட தாக்குதலைத் தாங்கியிருக்கு. ரோடு இல்லாத மலையில பீரங்கி வராது, வந்தாலும் சுட்டவுடனே நாம அழிச்சிடலாம்னு அவங்க நம்பினாங்க. பீரங்கிப் படைத் தலைவர் ஷார்ல் பிரோத் அதை உறுதியா சொன்னவர். தாக்குதல் தொடங்கின ரெண்டே நாள்ல, மார்ச் 15 அன்று, ஒரு கையெறி குண்டால தன் உயிரை எடுத்துக்கிட்டார். அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் கோட் எதையும் தொடல.

அதனால இப்போ என்கிட்ட ரெண்டு மேப். ஒண்ணுல உண்மை, இன்னொண்ணுல பிரெஞ்சுத் தரப்பு நம்பினது. பீரங்கி எங்க இருக்குன்னு வியட் மின் ஆட்டக்காரர் ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு வச்சுக்கணும். பிரெஞ்சு ஆட்டக்காரர் இருக்கிற டன்னுக்குள்ள கம்பியா, கூரையான்னு முன்கூட்டியே முடிவு பண்ணணும்.

போன வாரம் ஊர்ப் பெயரையெல்லாம் அழிச்சிட்டு, இந்தச் சண்டையைப் பத்தி எதுவுமே தெரியாத என் மாமா பொண்ணை விளையாட வச்சேன். அவ பீரங்கியை நடுவுல, திறந்த குழியில வச்சா. ஏன்னு கேட்டேன். "நாலு பக்கமும் திரும்பிச் சுடணும்ல? கூரை போட்டா ஒரு பக்கம்தானே சுட முடியும்?"

சரியான காரணம்தான். கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான் அவங்களும் அப்படி வச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லாம பகடையை அவ கையில கொடுத்தேன்.

நீங்க சினாரியோ எழுதுறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு. எங்க என்ன இருந்துச்சுன்னு தேடுறதோட நிறுத்தாதீங்க. அதுல எது, யாருக்கு, எந்தத் தேதியில தெரிஞ்சிருந்துச்சுன்னு பக்கத்துல ஒரு காலம் போடுங்க. அது காலியா இருந்தா, தோத்தவங்க எல்லாரும் உங்களுக்கு முட்டாளாத்தான் தெரிவாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.