நெல்வயலில் ஒரு நத்தைகுத்தி நாரை

சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே போகிறவர்களுக்குக் குருணைத் தாண்டியதும் ரப்பரும் செம்பனையும் விலகி, கெடாவின் மூடா சமவெளி நெல்வயல்கள் விரியும். ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து வலசை வரும் கொக்குகள் அங்கே கூட்டமாக இறங்குகின்றன. அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் கொஞ்சம் அழுக்கான வெள்ளையில், தடித்த உடம்போடு ஒரு பறவை நின்றால் கூர்ந்து பாருங்கள். வேடந்தாங்கலில் ஏராளமாகக் கூடும் நத்தைகுத்தி நாரையாக இருக்கலாம்.

அதன் அலகு மூடியிருந்தாலும் நடுவில் சந்து தெரியும். ஆனால் தொலைவிலிருந்து அது கண்ணில் படாது. இளம் பறவைக்குச் சந்தே இருக்காது. நான் சிறகைத்தான் நம்புவேன். மடித்த சிறகின் பின்பகுதியும் வாலும் பளபளக்கும் கறுப்பு. வெள்ளைக் கொக்குகளுக்கு அந்தக் கறுப்பு கிடையாது. பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை நீட்டிக்கொண்டே போகும். பேராக்கின் குவாலா கூலாவில் மீண்டும் விடப்பட்ட பால்நிற நாரைக்கும் சிறகில் கறுப்பு உண்டு. ஆனால் அதன் அலகு நீண்ட மஞ்சள், முகம் இறகற்ற சிவப்பு.

அலகில் ஏன் அந்தச் சந்து? நத்தையைப் பாக்குவெட்டி போல நொறுக்கத்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1960-இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் அப்படித்தான் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை மறுத்தன. நாரை சாப்பிட்ட இடத்தில் பெரும்பாலும் ஓடுகள் உடையாமலே கிடக்கும். மேலலகு நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடிக்க, கீழலகின் கூர்நுனி மூடிக்குள் நுழைந்து, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துவிடும். பிறகு சதை முழுதாக வெளியே வரும். தண்ணீருக்குள், கண்ணால் பார்க்காமலே இத்தனையும் நடக்கிறது. பறவை உலகில் இவ்வளவு நுட்பமான கைவேலையை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த நாரை கெடாவுக்கு வர நத்தையே காரணமாக இருக்கலாம். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்புட் கொண்டாங் எமாஸ் என்ற நத்தை 1990-களில் மலேசிய வயல்களில் பரவி, இளநாற்றை மேயத் தொடங்கியது. தாய்லாந்திலும் அதே கதை. பாங்காக் அருகே வாட் பாய் லோம் கோயில் தோப்பை அண்டிப் பிழைத்திருந்த நாரைகள் அங்கே பெருகித் தெற்கே நகர்ந்தன. 2019 டிசம்பரில் சிங்கப்பூர் வானத்திலும் ஆயிரக்கணக்கில் வட்டமிட்டன. நாற்றைத் தின்னும் நத்தையைத் தின்பதால் விவசாயிக்கு இது நண்பன். விரட்ட வேண்டாம்.

கூட்டத்தில் எதன் காலிலாவது வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் வளையமிட்ட நத்தைகுத்தி நாரை ஒன்று ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் மேற்கே, வங்காளதேசத்தில் கிடைத்திருக்கிறது.