மூச்சில் கலப்பவை – 7: திரியும் கம்பியும்

மின் சிகரெட்டின் திரவத்தில் என்னென்ன இருக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே திரவத்தை இரண்டு வேறு கருவிகளில் ஊற்றி இழுத்தால், நெஞ்சுக்குள் போவது ஒன்றாக இருக்காது. வித்தியாசம் அட்டமைசரில் இருக்கிறது. திரவத்தை ஆவியாக்கும் அந்தச் சின்னப் பகுதிக்குள் எட்டிப் பார்ப்போம்.

அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் திரி வழியே ஏறி நுனியில் எரிகிறது. எண்ணெய் வற்றினால் திரியே கருகுகிறது. அட்டமைசரிலும் திரி உண்டு. சுடர் இருக்க வேண்டிய இடத்தில் மின்சாரத்தில் சூடேறும் கம்பிச் சுருள். இருபது ஆண்டுகளாக வடிவங்கள் மாறி மாறி வந்ததில் பெரும்பகுதி, அந்தக் கம்பிக்குத் திரவத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற ஒரே சிக்கலைத் தீர்க்கத்தான்.

சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய முதல் வடிவத்தில் மீயொலி அதிர்வுதான் திரவத்தைத் துளிகளாக உடைத்தது. சூடேறும் கம்பி பிறகு வந்தது. ஆரம்பகாலக் கருவிகளில் திரவம் தோய்ந்த பஞ்சு ஒரு குப்பியில் இருக்கும். உலோக வலையாலான சிறு பாலம் அந்தப் பஞ்சைத் தொட்டு உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்கும். பஞ்சு கொஞ்சம் விலகினால் கம்பி வறண்டுவிடும், அதிகம் நனைந்தால் திரவம் வாய்க்குள் கசியும். அடுத்து வந்த கார்ட்டமைசரில் பாலமே இல்லை. கம்பியைச் சுற்றியே பஞ்சைச் சுருட்டிவிட்டார்கள். ஆனால் உள்ளே திரவம் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காகவே கண்ணாடிபோலத் தெரியும் தொட்டியோடு கிளியரோமைசர் வந்தது. அதில் கம்பி மேலே இருந்தால் திரவம் திரியில் ஏறியாக வேண்டும்; கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவம் மெதுவாகவே ஏறும். கம்பியை அடியில் வைத்தபோது அந்தத் தொல்லை குறைந்தது.

வறண்ட கம்பியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். கம்பி நனைந்திருக்கும்வரை ஆவியாகும் திரவமே சூட்டை வாங்கிக்கொள்ளும். வறண்டால் சூடு மளமளவென்று ஏறும். திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகும். 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வுக் கடிதத்தில், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டன. அவ்வளவு சூட்டில் கருகல் சுவை வந்துவிடும், யாரும் இழுக்க மாட்டார்கள் என்று சிலர் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. என்றாலும், ஆபத்தை நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடும் கருவியைப் பாதுகாப்பானது என்று என்னால் சொல்ல முடியாது.

நாக்குக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் கார்ட்டமைசர்களைப் பிரித்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது, மூட்டுகளில் வெள்ளீயப் பற்றவைப்பு. வெளியே வந்த ஆவியிலும் வெள்ளீயத் துகள்கள், நிக்கல், சிலிக்கேட் மணிகள். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேர் பயன்படுத்திய கருவிகளைச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தைவிடக் கம்பியைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் முதலியவை கூடுதலாக இருந்தன.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்திருக்கிறது. திருட்டுத்தனமாகக் கைமாறும் கருவியில் எந்தக் கம்பி, எந்தப் பற்றவைப்பு என்று விற்பவனுக்கே தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது "வெறும் நீராவிதானே" என்று சொன்னால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லுங்கள்.

(தொடரும்)