தினமும் 170 கோடி பேர் பார்த்தார்கள்... விலையோ தலைக்கு இரண்டரை ரூபாய்!

காலை ஏழு மணி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பாவின் 'குட் மார்னிங்' வந்து விழுகிறது. கோப்பையில் காபி, மேலே ஆவி பறந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் மகள் பரீட்சையில் பாஸ் என்றதும் அத்தை அனுப்பும் படத்தில் பூவாணம் கொட்டுகிறது. பதிலுக்குத் தம்பி வடிவேலுவை இறக்குகிறான். இரண்டு விநாடி அசைவு, சத்தம் கிடையாது, முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

இந்தக் குட்டிப் படங்களுக்குப் பெயர் ஜிஃப். இவற்றைக் கோடிக்கணக்கில் சேர்த்து, பெயர் போட்டு அடுக்கி, நாம் கேட்ட நொடியில் எடுத்துக் கொடுக்கச் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது, நியூயார்க்கில் பிறந்த 'கிஃபி'. உலகமே பயன்படுத்தியும் கல்லாப்பெட்டி நிறையாமல் போன அதிசயக் கதை அதனுடையது.

காலைச் சாப்பாட்டில் பிறந்த யோசனை

ஜிஃப் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1987-ல், தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்ட காலத்தில், கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு உருவாக்கியது. மெதுவான இணைப்பிலும் வண்ணப்படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு படத்தில் அதிகபட்சம் 256 வண்ணங்கள். ஒரே ஃபைலுக்குள் பல படங்களை வரிசையாக வைக்க முடிந்ததால், அசையும் படத்துக்கும் வழி பிறந்தது.

ஆனால், வேண்டிய ஜிஃப்பைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அலெக்ஸ் சங், ஜேஸ் குக் என்ற நண்பர்கள் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, 'எழுத்தே இல்லாமல் படத்தாலேயே பேசிக்கொள்ளும் பழக்கம் வளர்ந்துகொண்டே போகிறதே' என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு ஒரு தேடுபொறியாக மாறியது. 2013 பிப்ரவரியில் கிஃபி இணையதளம் வெளியானது. 'சிரிப்பு' என்று தேடினால் சிரிக்கும் படங்கள், 'கோபம்' என்றால் முறைக்கும் படங்கள். அவ்வளவுதான் அதன் வேலை. முதல் வாரத்திலேயே சுமார் 10 லட்சம் பேர் வந்து பார்த்ததாகச் சங் சொல்லியிருக்கிறார்.

ஊரெல்லாம் திண்ணை

இங்கேதான் கிஃபி ஒரு முக்கியமான முடிவு எடுத்தது. 'படம் வேண்டுமென்றால் எங்கள் தளத்துக்கு வாருங்கள்' என்று காத்திருக்கவில்லை. மக்கள் எங்கே அரட்டை அடிக்கிறார்களோ அங்கேயே போய்ச் சேர்ந்தது. மற்ற ஆப்களை உருவாக்குபவர்கள் தன் கிடங்கிலிருந்து படங்களை இலவசமாக எடுத்துக்கொள்ள, மென்பொருள் வழியாக ஒரு கதவைத் திறந்துவிட்டது.

2015-ல் ஃபேஸ்புக் மெசஞ்சருக்குள் நுழைந்தது. 2016-ல் ட்விட்டர், டிண்டர். 2018 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி ஸ்டிக்கர்கள் எனக் கிளை பரப்பியது. கிஃபி என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தினார்கள். 2016 அக்டோபரில் தினசரிப் பயனாளர்கள் 10 கோடி. அடுத்த ஜூலையில் 20 கோடி!

முதலீட்டாளர்கள் சும்மா இருப்பார்களா? 2014-ல் 24 லட்சம் டாலர், 2015-ல் 1.7 கோடி டாலர், 2016-ல் முதலில் 5.5 கோடி, பிறகு 7.2 கோடி டாலர் எனக் கொட்டினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் கிஃபியின் மதிப்பு 60 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதற்கு வயது நான்குகூட ஆகவில்லை.

ஆனால், அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் என்ன நடக்கும்? கூட்டம் வரும், தாகம் தீரும். காசு மட்டும் வராது. வீட்டுக்காரர் மனம் மாறினால் பந்தலையும் பிரிக்க வேண்டியதுதான். 2018 மார்ச்சில் அந்த ஆபத்து நிஜமாகவே எட்டிப் பார்த்தது. இனவெறியைக் காட்டும் ஒரு ஸ்டிக்கர் கிஃபியின் வடிகட்டலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. உடனே இன்ஸ்டாகிராமும் ஸ்னாப்சாட்டும் கிஃபியை நிறுத்திவைத்தன. கிஃபி மன்னிப்புக் கேட்டு, படங்களைச் சலித்துச் சரிபார்த்த பிறகே மறுபடி இடம் கிடைத்தது.

காபி என்று தேடினால்...

வருமானத்துக்கு கிஃபி கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமானது. ஒருவர் 'காபி' என்று தேடும்போது, பணம் கட்டிய காபி நிறுவனத்தின் கோப்பை முதலில் வந்து நின்றால்? அதை நண்பருக்கு அனுப்புகிறவருக்கு விளம்பரம் செய்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. அமெரிக்காவில் டங்கின் டோனட்ஸ், பெப்சி போன்ற நிறுவனங்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்தின. பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளுக்கும் இதைக் கொண்டுபோகும் யோசனை இருந்தது.

ஆனால், வழி கண்டுபிடித்த வேகத்தில் வருமானம் வளரவில்லை. 2020 மே மாதம் கிஃபியை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் வெளியாகின. கிஃபிக்கு வரும் கூட்டத்தில் பாதி, தன்னுடைய ஆப்கள் வழியாகத்தான் வருகிறது என்று அப்போது ஃபேஸ்புக் சொன்னது. திண்ணைக்குச் சொந்தக்காரரே பந்தலையும் வாங்கிவிட்டார்!

குறுக்கே வந்த லண்டன்

அமெரிக்க நிறுவனத்தை அமெரிக்க நிறுவனம் வாங்கினால் பிரிட்டனுக்கு என்ன வந்தது? இரண்டுமே பிரிட்டன் மக்களும் பயன்படுத்தும் சேவைகள். அதனால் அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரணையில் இறங்கியது. அதற்கு இரண்டு கவலைகள். டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற போட்டியாளர்களுக்குப் படம் கொடுப்பதை ஃபேஸ்புக் நிறுத்திவிடலாம். அல்லது படத்துக்குப் பதிலாகப் பயனாளர்களின் தகவல்களைக் கூடுதலாகக் கேட்கலாம். இன்னொன்று, கிஃபியின் விளம்பர வேலை. அது வளர்ந்திருந்தால் ஃபேஸ்புக்குக்கே போட்டியாகியிருக்கும். கைமாறியதும் அந்த விளம்பரச் சேவை நிறுத்தப்பட்டதை ஆணையம் சுட்டிக்காட்டியது.

விசாரணை முடியும்வரை இரண்டு நிறுவனங்களையும் தனித்தனியாக நடத்த வேண்டும் என்பது உத்தரவு. அதன்படி நடப்பதற்கான விவரங்களை முழுமையாகத் தரவில்லை என்று 2021 அக்டோபரில் 5.05 கோடி பவுண்ட் அபராதம் விழுந்தது. நவம்பர் கடைசியில், 'கிஃபியை விற்றுவிடுங்கள்' என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த ஃபேஸ்புக், மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பாயம் நடைமுறையில் ஒரு குறையைச் சொல்லி, மறுபடி பார்க்கச் சொன்னது.

'எங்கள் சரக்கு பழசு!'

அப்போதுதான் அந்த விநோதம் நடந்தது. தன்னை மெட்டாவைத் தவிர வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று நிரூபிக்க, கிஃபி தன்னையே மட்டம் தட்டிக்கொண்டு ஆணையத்துக்கு எழுதியது. ஜிஃப் மவுசு குறைந்துவிட்டது, அது 'பெரிசுகள்' சமாச்சாரம், பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள் என்பது அதன் வாதம். வியாபாரி தன் கடைச் சரக்கைத் தானே குறை சொன்ன காட்சி!

ஆணையம் மசியவில்லை. 2022 அக்டோபரில் மீண்டும் அதே தீர்ப்பு. இந்த முறை மெட்டா ஏற்றுக்கொண்டது. 2023 மே மாதம், புகைப்படங்களை விற்கும் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் கிஃபியை வாங்குவதாக அறிவித்தது. விலை 5.3 கோடி டாலர்.

2016-ல் போட்ட மதிப்பில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெட்டாவுக்கு விழுந்த அபராதமே இதைவிட அதிகம். இத்தனைக்கும் கிஃபியை தினமும் 170 கோடி பேர் பார்க்கிறார்கள், 130 கோடி முறை தேடுகிறார்கள் என்று ஷட்டர்ஸ்டாக்கே சொன்னது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு மூன்று சென்ட். அன்றைய நம் காசில் சுமார் இரண்டரை ரூபாய்!

கிஃபி தோற்றுவிட்டதா? மக்கள் அதைக் கைவிடவில்லையே! அது செய்து கொடுத்த வேலையை உலகம் இன்றும் அன்றாடம் பயன்படுத்துகிறது. ஆனால், வந்த கூட்டம் கிஃபியைத் தேடி வந்த கூட்டம் இல்லை. நண்பரோடு பேச வந்த கூட்டம். அந்த வாசலும் கிஃபியுடையது இல்லை. 'முதலில் ஆளைச் சேர்ப்போம், பணம் தானாக வரும்' என்று புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் அடிக்கடி சொல்வதைக் கேட்கிறோம். ஆள் சேர்ந்துவிடலாம். அவர் யாருடைய வாசலில் நிற்கிறார், எதற்காகக் காசு கொடுப்பார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால், 170 கோடியும் வெறும் தலைக்கணக்குதான்.

நாளைக் காலையும் சித்தப்பாவின் காபி ஆவி பறக்க வந்துவிடும். அனுப்பிய அவருக்கும் செலவில்லை, பார்க்கும் நமக்கும் செலவில்லை. கிஃபியின் சிக்கலே அதுதான்!