‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் அதன் பொருள்களும்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆகிய சொற்களுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. தமிழ்ப் பள்ளியின் பாலர் வகுப்புப் பிள்ளையிடம் அதன் பொருளைக் கேட்டால் ‘ஓடு’ என்று உடனே விடை வரும். விடை சரியானதே. ஆயினும் அந்த ஒரு விடையை மட்டும் கைக்கொண்டு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வர முயல்வோர் எத்தனை இடங்களில் இடறுகின்றனர் என்பதை மொழிபெயர்ப்புப் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர்கள் அறிவர். ‘மாமா ஒரு கடையை ஓடுகிறார்’, ‘எனக்கு மூக்கு ஓடுகிறது’, ‘வீட்டில் பால் ஓடிவிட்டது’ என்னும் வாக்கியங்களைக் கண்டு நாம் சிரிக்கிறோம். எழுதிய பிள்ளைக்கோ அவற்றில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் நிற்பது அதே சொல் அன்றோ!

இச்சொல்லின் பெருக்கத்தை முதலில் நோக்குவோம். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற்பதிப்பு 1928ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இருபது பெருந்தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட பதிவாக இருந்தது ‘செட்’ என்னும் சொல்லே. அதற்கு 430 பொருள்கள் கூறப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் ‘ரன்’ அதனை முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் உள எனக் கணக்கிடப்பட்டதாக 2011ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. அப்பதிவைத் திருத்தியமைத்த அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் அதற்காக ஒன்பது மாதங்களுக்கு மேல் செலவிட்டார் என்பர். மூன்றெழுத்துக்கு ஒன்பது மாதம்!

இத்தனை பொருள்கள் எங்ஙனம் தோன்றின? காலால் விரைந்து செல்லுதல் என்பது அடிப்படைப் பொருள். அதிலிருந்து, தடையின்றித் தொடர்ந்து செல்லும் எதற்கும் அச்சொல் பொருந்தலாயிற்று. ஆறு, கப்பல், வதந்தி யாவும் அவ்வாறே ‘ஓடின’. இயந்திரங்களும் புகைவண்டிகளும் பெருகிய காலத்தில் அவையும் ஓடின. இயந்திரத்தை ஓடச்செய்பவன் அதற்குப் பொறுப்பாளனாகவும் இருந்தான் ஆகையால், தொழிற்சாலையை, கடையை, பள்ளிக்கூடத்தை, ஈற்றில் நாட்டையே ஒருவர் ‘ரன்’ செய்யலாம் என்ற நிலை வந்தது. கணினி வந்த பின்னர் அதன் செயல்நிரல்களுக்கும் அதே சொல் பயன்பட்டது.

நமது ‘ஓடு’ என்னும் சொல்லும் எளிதானதன்று. ஆறு ஓடும், தேர் ஓடும், படம் நூறு நாள் ஓடும், பயந்தவன் மனத்தில் எண்ணங்கள் ஓடும், துயருற்றவருக்குப் பொழுது ஓடாது. ஓடையும் ஓட்டமும் நீரோட்டமும் அதன் கிளைகள். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டமையால் ‘கப்பலோட்டிய தமிழன்’ ஆனார். அவர் சுக்கான் பிடித்தவர் அல்லர், கம்பனியை நடத்தியவர். அந்த இடத்தில் ‘ஓட்டு’ என்பது ஆங்கிலச் சொல்லின் போக்கிலேயே விரிந்திருப்பதைக் காணலாம். இவை போக, வீட்டுக் கூரையில் உள்ளதும் ஓடு, முட்டையில் உள்ளதும் ஓடு, துறவி கையில் ஏந்துவதும் ஓடு. தமிழ்நாட்டிலோ தேர்தலில் போடும் வாக்கும் ‘ஓட்டு’. இது ஓட்டத்தோடு எவ்வித உறவும் இல்லாதது. ‘வோட்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு.

கிரிக்கெட் ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் எம்மை மன்னியார். 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் பெற்ற 107ஐ இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என எழுதும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘ரன்கள்’ என்பர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒருவரும் ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலத்தின் முரண் அப்படியே தமிழுக்கும் வந்துவிட்டது.

இனி, ஆங்கிலமும் தமிழும் பிரிகின்ற இடங்களுக்கு வருவோம். தமிழில் தானாகச் செய்வதற்கு ஒரு சொல்லும், பிறிதொன்றைச் செய்விப்பதற்கு அதனின்று பிறந்த இன்னொரு சொல்லும் இணையாக வருவதுண்டு. உருள் – உருட்டு, ஆடு – ஆட்டு, ஓடு – ஓட்டு, நட – நடத்து. ஆங்கிலமோ ‘ரன்’ என்னும் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது. குதிரை ஓடுவதற்கும் அதே சொல், கடையை ஓடச்செய்வதற்கும் அதே சொல். கடையைத் தமிழன் ஓடச்செய்வதில்லை, நடக்கச்செய்கிறான். கடை நடத்துகிறோம், பள்ளி நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், விழா நடத்துகிறோம். ஆங்கிலேயர் ஓடவிடும் இடத்தில் நாம் நடத்துகிறோம் என்பதை மாணவர் நினைவிற் கொண்டால் பாதிப் பிழைகள் நீங்கும். தமிழ்நாட்டுப் பஸ் ஒன்றில் ஏறினால் இவ்விரு சொற்களும் சேர்ந்தே பயணஞ் செய்வதைக் காணலாம். முன்னால் இருப்பவர் ஓட்டுநர், சீட்டுத் தருபவர் நடத்துநர். (இலண்டனில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழமையான சேவையினின்று 2005 டிசம்பரில் நீக்கப்பட்டதோடு நடத்துநர் பெரும்பாலும் மறைந்துபோயினர்.)

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். ‘எமது ஊரில் கார் ஓடுகிறேன் என்றுதானே சொல்கிறோம்?’ உண்மையே. தமிழ்நாட்டார் ‘கார் ஓட்டுகிறேன்’ என்பர்; நாம் ‘கார் ஓடுகிறேன்’ என்போம். இலக்கணம் கற்றோர் காரல்லவா ஓடுகிறது, நீர் ஓட்டுகிறீர் என்று திருத்துவர். தலைமுறை தலைமுறையாக மக்கள் நாவில் வழங்கும் இதனைப் பிழையென்று சிவப்பு மையால் வெட்ட எமக்கு மனம் வருவதில்லை. எழுதும்போது ‘ஓட்டு’ என்றும் வீட்டில் ‘ஓடு’ என்றும் வழங்குவதால் மொழி கெட்டுவிடாது.

அடுத்து, யார் ஓடுகிறார் அல்லது எது ஓடுகிறது என்னும் கேள்வி. ஆங்கிலத்தில் நீரைக் கொண்டுள்ள பொருளும் ஓடலாம். மூக்கு ஓடும், குழாய் ஓடும். தமிழில் நீர் ஓடலாம், மூக்கு ஓடாது. சளி வடியும், மூக்கு ஒழுகும். குழாய் திறந்திருக்கும். பால் ஓடாது, தீர்ந்துபோகும் அல்லது முடிந்துபோகும். குளியல் தொட்டியில் நீரை நிரப்புவோம். வழிவழியாக ஒரு குடும்பத்தில் ஒரு நோய் இருந்தால் அது அக்குடும்பத்தில் ‘ஓடுகிறது’ என்பர் ஆங்கிலேயர். நாம் பரம்பரையாக ‘வருகிறது’ என்போம். அரசியலில் இன்னும் வேடிக்கை. தேர்தலில் போட்டியிடுபவர் அமெரிக்காவில் ஓடுகிறார், பிரித்தானியாவில் நிற்கிறார். தமிழரும் தேர்தலில் நிற்பவர்களே. இவ்விடத்தில் நமக்கும் இந்நாட்டாருக்கும் ஒற்றுமை, அமெரிக்கருக்கு மட்டும் அவசரம்.

இவையெல்லாம் வகுப்பறையில் மதிப்பெண் பற்றிய செய்திகளே எனலாம். வைத்தியரின் அறையில் அப்படியல்ல. நோயாளிக்குப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்தல் ஆகாதென்பது இந்நாட்டுச் சுகாதார சேவையின் வழிகாட்டல். ஆயினும் அவசரத்தில், தொலைபேசியில், மருந்துக்கடை வாயிலில், ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையே வாய் ஆகிறது. வைத்தியர், ‘இவருக்கு ரன்ஸ் இருந்ததா?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை திரும்பி, ‘அம்மம்மா, நீங்கள் ஓடினீர்களா?’ என்கிறது. முழங்கால் நோவோடு இருப்பவர் வியப்போடு ‘இல்லையே’ என்கிறார். ‘இல்லை’ என்பது வைத்தியரின் குறிப்பில் ஏறிவிடுகிறது. மூன்று நாளாக வயிற்றோட்டத்தால் வாடியவருக்கு அது இல்லையென்று எழுதப்பட்டுவிட்டது.

இதிலே உள்ள கொடுமை என்னவெனில், யாழ்ப்பாணத் தமிழும் ஆங்கிலமும் இங்கே ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்நோய் ஓட்டமே. நமக்கும் அது வயிற்றோட்டமே. (தமிழ்நாட்டில் வயிற்றுப்போக்கு என்பது பெருவழக்கு.) பிள்ளைக்கு இரு சொற்களும் தனித்தனியே தெரிந்திருக்கலாம், இரண்டையும் இணைத்துக் காட்டியவர் எவருமில்லை. அவ்வாறே ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் உடல் வெப்பம் ஓடுகிறது என்பதன்று. காய்ச்சல் இருக்கிறது என்பதாகும். காய்ச்சல் நம் பேச்சில் காயும், தமிழ்நாட்டில் அடிக்கும், ஓரிடத்தும் ஓடாது.

ஓடுதலோடு தமிழில் ஓர் இழிவும் ஒட்டியிருக்கிறது. போரிற் புறமுதுகிட்டு ஓடுதல் பண்டைக் காலந்தொட்டே பழிக்கப்பட்டது. ‘ஓடிப்போனாள்’ என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் அவள் எவனோடு போனாள் என்று கேட்பர். ஆங்கிலக் கதையொன்றில் பெற்றாரோடு கோபித்துக்கொண்டு பத்து வயதுச் சிறுமி வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அதை ‘ஓடிப்போனாள்’ என்று மொழிபெயர்த்து அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், அவர் திடுக்கிடுவதற்குக் காரணம் உண்டு. ‘வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள்’ என்பதே அங்குப் பொருத்தம்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடசாலைகளில் குடும்ப வரலாறு எழுதிவரும்படி வேலை கொடுக்கப்படுவதுண்டு. பெரியோரிடம் கேட்டு, அவர்கள் தமிழிற் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். ‘தொண்ணூற்றைந்தில் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம்’ என்று அப்பப்பா சொல்கிறார். பிள்ளை ‘ரன்’ என்னும் சொல்லைப் போட்டு எழுதுகிறது. வாசிக்கும் ஆங்கில ஆசிரியரின் கண்ணில் ஓடும் மக்கள் தோன்றுவர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது எவராலும் ஓட முடியவில்லை. இலட்சக்கணக்கானோர் ஒடுங்கிய வீதியில் மழையில் நெருக்குண்டு, முதியோரையும் குழந்தைகளையும் சைக்கிள்களில் வைத்து உருட்டிக்கொண்டு, சில மைல் தூரத்தைக் கடக்கப் பல மணி நேரம் அடி அடியாக நகர்ந்தனர். அப்பப்பாவின் ‘ஓடினோம்’ என்பதில் கால்களின் வேகம் இல்லை. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போனோம் என்பதே அதன் பொருள். அதே மனிதர் இன்னொரு வேளை ‘வெளிக்கிட்டோம்’ என்பார், ‘இடம்பெயர்ந்தோம்’ என்பார். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் தேவை. எதனை எழுதுவது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. அவ்விரவில் நடந்தது என்ன என்று அவரிடமே இன்னொரு முறை கேட்டல் வேண்டும்.

யாழ்தேவி புகைவண்டியைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம். 1956இல் ஓடத் தொடங்கிய அது 1990இல் யாழ்ப்பாணம் வரை ஓடுவது நின்றது. மீண்டும் அங்கு ஓடியது 2014 ஒக்டோபரில். இந்த மூன்று இடங்களிலும் ‘ஓடு’ என்பதற்கு ‘ரன்’ அப்படியே பொருந்தும். இடறலற்ற இடங்களும் உண்டு என்று காட்டவே இதனைக் கூறினோம்.

அகராதியைப் பயன்படுத்தும் முறை பற்றி ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் போன்ற பெரிய நூலில் இச்சொல்லைத் தேடினால் தமிழ்ச் சொற்களின் நீண்ட வரிசை கிடைக்கும். பிள்ளைகள் முதலாவதை எடுத்துக்கொண்டு நூலை மூடிவிடுகின்றனர். ஒக்ஸ்போர்ட் பேரகராதியில் முதலில் நிற்பது மிகப் பழைய பொருள். சிறிய அகராதிகள் பலவற்றில் முதலில் நிற்பது மிகுதியாக வழங்கும் பொருள். முதலில் நிற்பதனாலேயே ஒரு பொருள் நம் வாக்கியத்துக்கு உரியதாகிவிடாது. ‘ரன்’ என்பதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை ஒருமுறை வாசித்து, ஓடுவது காலா, நீரா, இயந்திரமா, கடையா என்று கண்ட பின்னரே வரிசையில் இறங்கவேண்டும்.

விழா முடிந்து இம்மலர் வீட்டுக்கு வந்ததும் பெற்றாரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்து பார்ப்பதற்கு மூன்று தருகிறோம். ஆங்கிலத்தில் வீதியொன்று நம் வீட்டருகே ‘ஓடுகிறது’. தமிழில் அது என்ன செய்கிறது? துவைத்த சட்டையின் நிறம் ‘ஓடிவிட்டது’. தமிழில் சாயத்துக்கு என்ன நேர்ந்தது? மூன்றாவதைத் தலைகீழாகத் தருகிறோம். தமிழில் நேரம் ஓடிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்று இதனைத் தொடங்கினால், நேரம் தீர்ந்தது என்னும் வேறொரு பொருள் வந்து நிற்கும். ஆங்கிலேயர் இவ்விடத்தில் ஓடுவதில்லை; காலம் பறந்துவிட்டது என்பர்.