செய்தியை ஆராயக் கற்பிப்பதற்கு எத்தகைய பாடப்பொருள் வேண்டும்?

முற்காலத்தில் தோட்டத்துக்கு ஒரு நாளிதழ் வந்தால், எழுத்தறிந்த ஒருவர் அதனை உரக்கப் படிப்பார். லயத்து மக்கள் சுற்றி அமர்ந்து கேட்பர். செய்தி மெல்ல வந்தது. அதனைப் பற்றிக் கலந்து பேச நேரமும் இருந்தது. இன்றோ, பால்வெட்டு முடிந்து வீடு திரும்புமுன் புலனம் வாயிலாகப் பல செய்திகள் கைத்தொலைபேசியில் வந்து குவிந்துவிடுகின்றன. அவற்றுள் எது மெய், எது பொய், எது விளம்பரம் எனப் பகுத்தறிதல் பெரியோர்க்கே அரிது. இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பெருஞ்சம்பளம் தருவதாகக் கூறிய வேலை விளம்பரங்களை நம்பிக் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளுக்குச் சென்ற மலேசிய இளைஞர் பலர், மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டுத் துன்புற்ற செய்தி 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. பொய்ச் செய்தியைத் தடுக்க 2018இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2019 இறுதியில் அச்சட்டத்தை நீக்கவும் அதுவே இசைந்தது. சட்டங்கள் வரும், போகும்; ஆராயும் அறிவோ கற்றவரை விட்டு நீங்காது. ஆதலின், இதனைப் பள்ளியில் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் எத்தகைய பாடப்பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதைப் பெற்றோராகிய நாமும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவதாக, பாடப்பொருளின் பிறப்பிடம் தெரிந்திருக்க வேண்டும். எழுதியவர் யார், வெளியிட்டது எது, நாள் யாது என்னும் மூன்றுக்கும் விடை கூறத்தக்க செய்தியொன்றையும், விடையே இல்லாத செய்தியொன்றையும் அருகருகே வைத்துக் காட்டினால், வேறுபாடு மாணவர்க்குத் தானே விளங்கும். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த காலத்தில் பரவிய வதந்திகள் இதற்கு ஏற்றவை. 2017இல் தொடங்கப்பெற்ற 'செபெனார்ஞா' என்னும் அரசாங்க இணையத்தளத்தில் அத்தகைய வதந்திகள் பலவற்றுக்கு மறுப்பு வெளியாயிற்று. வதந்தியையும் மறுப்பையும் ஒருசேரப் படித்து, மறுப்பு எந்தச் சான்றைக் காட்டுகிறது என்று மாணவரையே தேடச் சொல்லலாம்.

இரண்டாவதாக, ஒரே நிகழ்ச்சியை இரு தரப்பார் கூறியவை கிடைத்தல் வேண்டும். நம் வட்டாரத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுட் சில. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். அவர் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். ஆட்சியாளர் இதனைக் கலகக்காரர் தூண்டிய குழப்பம் என்றனர். தொழிலாளரோ மானத்துக்கும் கூலிக்குமான போராட்டம் என்றனர். 'குழப்பம்', 'போராட்டம்' என்னும் இரு சொற்களே இரு வேறு செய்திகளை உண்டாக்கிவிடுகின்றன அல்லவா? அக்கால ஆங்கில நாளிதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் படிக்கலாம். அவற்றோடு, வீட்டு முதியோரிடம் கேட்டறிந்ததை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, பாடப்பொருள் மாணவரின் வாழ்வை ஒட்டியிருக்க வேண்டும். தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் காணப்படும் மலிவு விற்பனை விளம்பரங்களே போதும். பெரிய எழுத்தில் உள்ளது எது, சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனை எது என்று எழுதச் செய்யலாம். ரப்பர் விலையும் நல்ல பாடமே. மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் விலையை வெளியிடுகிறது. அவ்விலைகளைக் கொண்டு வரைபடம் வரையுங்கால், விலை தாழ்ந்திருந்த மாதத்திலிருந்து தொடங்கினால் அது ஏறுமுகமாகத் தோன்றும். உயர்ந்திருந்த மாதத்திலிருந்து தொடங்கினால் அதுவே இறங்குமுகமாகத் தோன்றும். எண்கள் பொய்யல்ல, எண்களைத் தெரிந்தெடுத்த முறையே நம்மை மயக்குகிறது.

நான்காவதாக, பொய்களை மட்டுமே காட்டுதல் தகாது. அவ்வாறு செய்தால், எதனையும் நம்பாத மனப்பான்மை மாணவரிடம் வளர்ந்துவிடும். எதனையும் நம்பாதவனும் எல்லாவற்றையும் நம்புபவனைப் போலவே ஏமாறுவான். நன்கு விசாரித்து எழுதப்பட்ட செய்தியையும் காட்டி, அது ஏன் நம்பத்தக்கது என்பதை விளக்க வேண்டும். அன்றியும், வகுப்பில் உள்ள எவருடைய குடும்பத்தையும் நாணச் செய்யும் செய்தியைப் பாடமாக்குதல் ஆகாது.

கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. ஆயினும், வீட்டில் எங்கேனும் அதன் பழைய பிரதிகள் இருப்பின், அவற்றை எறிந்துவிடாமல் பள்ளிக்குக் கொடுத்து உதவுங்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டும்போது, "இதனைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? இதனால் யாருக்குப் பயன்?" என்று அன்போடு கேளுங்கள்.

இந்த இதழும் அவ்வினாக்களுக்கு விலக்கானதன்று. நாம் இங்கே எழுதியதையும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளுமாறு வேண்டுகிறோம்.