புள்ளியா, பாதுகாப்பா?

திண்டுக்கல் நாகல் நகரில் உள்ள என் வீட்டுக்கு வந்த முன்னாள் மாணவர் ஒருவர், இரண்டு கடன் அட்டைகளின் விளம்பரத் தாள்களை என்முன் வைத்தார். ஒன்று, செலவில் 2 விழுக்காட்டை வெகுமதிப் புள்ளிகளாகத் தருகிறது. மற்றொன்று 1 விழுக்காடுதான். ஆனால், வாங்கிய பொருள் குறிப்பிட்ட நாள்களுக்குள் திருடுபோனால் ஈடு தருவதாகச் சொல்கிறது. “எதை வாங்கலாம், ஐயா?” என்றார்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவிட்டால், புள்ளிகளில் வேறுபாடு 1,000 ரூபாய். 50,000 ரூபாய் மடிக்கணினி ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை திருடுபோய், முழு ஈடும் கிடைத்தால்தான் இரண்டும் சமம். கணக்கு புள்ளிகளின் பக்கமே சாய்கிறது. ஆனால், 1,000 ரூபாயை இழப்பதும் ஒரே நாளில் 50,000 ரூபாயை இழப்பதும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஒன்றல்ல.

பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைகள் உள்ளன. திருட்டுக்கான ஈடு, அட்டைக்கு அட்டை மாறும் காப்பீடு. அதன் நிபந்தனைகளைப் படித்தாக வேண்டும். இரண்டாவது, வங்கிகளின் எல்லா அட்டைகளுக்கும் உரியது. வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாமல் மூன்றாம் நபரால் மோசடி நடந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. கடவு எண்ணை நாமே பிறரிடம் சொல்லிவிட்டால், புகார் செய்யும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையது.

மூன்றாவது, பணம் செலுத்தியும் பொருள் வராதபோது உதவுவது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்பனையாளரோடு அட்டை நிறுவனமும் பொறுப்பாகும். நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அமைப்புகளின் விதிப்படி, காலவரம்புக்குள் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரலாம்.

இதை அறிந்திருந்தும் நான் ஏமாந்தேன். 300 ரூபாய் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, இணையத்தில் கண்ட விற்பனையாளருக்கு அட்டையைத் தவிர்த்து வங்கிக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் அனுப்பினேன். பொருளும் வரவில்லை; பணமும் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவனுக்கு அது பிந்திக் கிடைத்த பாடம்.

மாணவரிடம் சொன்னேன்: “மளிகை, பெட்ரோல் போன்ற அன்றாடச் செலவுக்குப் புள்ளி தரும் அட்டை போதும். இழந்தால் தாங்க முடியாத பொருளுக்குப் பாதுகாப்பைப் பாருங்கள். ரசீதையும் கடிதப் போக்குவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். எந்த அட்டையானாலும் மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கே 3 விழுக்காட்டுக்கு மேல். ஓராண்டில் சேர்த்த புள்ளிகளை ஓரிரு மாத வட்டியே விழுங்கிவிடும்.”