எந்தப் பத்து சதவீதம்?

"தம்பி, லேப்ல உங்களுக்குப் பத்து பர்சென்ட் கழிச்சுத் தர்றாங்களாமே. அதை எங்களுக்கும் கழிச்சுடுங்க." கல்யாண போட்டோ எடுப்பவர்களில் இதைக் கேட்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். கேட்பவர் மீது தப்பில்லை. ஜவுளிக்கடை, பந்தல், சமையல் என்று எல்லா இடத்திலும் பேரம் பேசிவிட்டுத்தான் பெண்ணின் அப்பா நம்மிடம் வருகிறார். ஆனால் அவர் சொல்லும் பத்து வேறு, லேப் தரும் பத்து வேறு.

ஒரு கணக்கு போடுவோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். முகூர்த்தம், வரவேற்பு, வீடியோ, இரு வீட்டாருக்கும் ஆளுக்கொரு ஆல்பம் எல்லாம் சேர்த்து 1,00,000 ரூபாய் பேசியாயிற்று. கூட வரும் கேமராக்காரர்களுக்குச் சம்பளம் 35,000. எடிட்டிங், டிசைனிங் 15,000. வண்டி, சாப்பாடு, இதர செலவு 7,000. கேமரா, லென்ஸ் தேய்மானம் 5,000 (இதைப் பலர் எழுதுவதே இல்லை, ஷட்டர் போன அன்றுதான் நினைவு வரும்). ஆல்பத்துக்கு நாற்பது தாள், தாளுக்கு 200 ரூபாய், அட்டைக்கும் பெட்டிக்கும் ஆயிரம் என்று லேப்புக்கு 18,000. ஆக மொத்தம் 80,000 போய், மிச்சம் 20,000.

லேப் தரும் பத்து சதவீதம் அந்த 18,000-த்தில். 1,800 ரூபாய். பெண் வீட்டார் கேட்கும் பத்து, முழு லட்சத்தில். 10,000 ரூபாய். நடுவே நிற்கும் 8,200 நம் மிச்சத்திலிருந்து போகிறது. 20,000 இருந்த இடத்தில் 11,800. ஆல்பத்தில் கிடைத்த சின்னத் தள்ளுபடியைக் காட்டி, ஏறக்குறைய பாதிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

லேப் எதற்குத் தள்ளுபடி தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டு முழுக்க வேலை கொடுக்கிறோம், பாக்கி வைப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் எந்திரம் சும்மா நிற்கும்போது பழைய ஆர்டர்களை அனுப்புகிறோம். அதற்கான பலன் அது. அட்டையில் மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பாக விழுந்து மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தால், அந்தச் செலவும் நம் தலையில்தான். ஒரே ஒரு 'ர', 'ற' குழப்பத்தில் ஒரு சீசனின் தள்ளுபடி முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.

முன்பணத் திட்டங்களில் இன்னும் கவனம் தேவை. 50,000 ரூபாய் போட்டு வைத்தால் கூடுதலாக 5 சதவீதம் என்பார்கள். 2,500 லாபம் போலத் தெரியும். அந்தப் பணத்தை இரண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. இரண்டரை மாதத்தில் லாபம் கரைந்துவிடும்.

வரியில் ஒரு விஷயம். தள்ளுபடி லேப் பில்லிலேயே எழுதப்பட்டிருந்தால், அது போக மீதித் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் இது நடக்காது. நாம் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் லேப்புக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் செலவுதான். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது.

லேப்பின் விலைப் பட்டியல் இன்று யார் வாட்ஸாப்பிலும் கிடைக்கும். அதனால் விலை எழுதிக் கொடுக்கும்போது 'ஆல்பம் லேப் விலைக்கே' என்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால் தள்ளுபடி நியாயமாகவே அவர்களுடையது. ஆல்பம், டிசைன், திருத்தம் எல்லாம் சேர்ந்த ஒரே தொகையாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்கும் தாளுக்கு என்ன விலை என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

பேரம் முற்றி, எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பணமாக வேண்டாம், தாளாகக் கொடுங்கள். தள்ளுபடி போகத் தாள் 180 ரூபாய். ஆல்பத்துக்கு நாலு தாள் கூடுதலாகப் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 1,440. லேப் தந்த 1,800-க்குள் அடங்கிவிடும். எந்தச் சித்தப்பா குடும்பத்தின் படத்தை எடுத்துவிடுவது என்று பெண் வீட்டில் ராத்திரியெல்லாம் தவிப்பது, பெரும்பாலும் அந்த நாலு தாளுக்காகத்தான்.